கந்தல் கட்டின செடி

எந்த ரகம் நல்லா காய்க்கும்னுதானே கேட்டீங்க? சொல்றேன் இருங்க. இப்படி வாங்க தம்பி, அந்தப் பக்கம் சகதி. உங்க வீட்டம்மா வண்டியிலேயே இருக்கட்டும். அவங்களுக்குக் குளிருது, பாத்தாலே தெரியுது. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கச் சொல்லுங்க, பனி எறங்குற நேரம்.

எந்த ஊரு? சிவகாசியா! சிவகாசி மொட்டை மாடியில ஸ்ட்ராபெரி வைக்கப் போறீங்களாக்கும். அங்க துணி காயப்போட்டாலே தீப்புடிச்சுக்கும்னு சொல்லுவாங்களே. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். வைங்க, வைங்க. ஆசையா கேக்குறவங்களை நான் எதுக்குத் தடுக்கணும்? இந்த ரோட்டுல வண்டியை நிறுத்துறவங்கள்ல முக்காவாசிப் பேரு செடியோட ஒரு போட்டோ எடுப்பாங்க, ஒரு பழத்தை வாயில போட்டுட்டு புளிக்குதும்பாங்க, போயிருவாங்க. ரகம் கேட்டது நீங்க ஒருத்தர்தான். அதான் வேலையை விட்டுட்டு நின்னு பேசுறேன்.

பேரு வேணும்னா நெறைய இருக்கு. கேமரோசாங்கிறான், ஸ்வீட் சார்லிங்கிறான், இன்னும் என்னென்னமோ வாயில நுழையாததெல்லாம் சொல்றான். ஒண்ணு பெருசா வரும், ருசி இருக்காது. ஒண்ணு ருசியா இருக்கும், தொட்டா கசங்கிரும், கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்றதுக்குள்ள டப்பாவுல சாறுதான் நிக்கும். இன்னொண்ணு வெயில் தாங்கும், பனி தாங்காது. எல்லாம் வச்சுப் பாத்தாச்சு. ஆனா எங்க காட்டுல வெளைஞ்சுச்சு பாருங்க ஒரு ரகம், அதுக்குப் பேரே கெடையாது. நான்தான் இப்ப அங்கம்மா ரகம்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன். அங்கம்மா என் வீட்டுக்காரி. போன தை மாசம் போயிட்டா.

அட, நீங்க ஏன் வருத்தப்படுறீங்க? உங்களுக்கு என்ன தெரியும்? நான்தான் கேக்காமயே சொல்லிட்டேன். இப்பல்லாம் யார் வந்தாலும் நான் அவளைப் பத்தித்தான் பேசுறேன். உரக்கடைக்காரன் என்னைப் பாத்தாலே உள்ள போயிர்றான்.

நாங்க காலங்காலமா கெழங்குக்காரங்க தம்பி. உருளைக்கெழங்கு, பூண்டு, கேரட்டு. மண்ணுக்குள்ள வெளையுறதுதான் எங்களுக்கு வெள்ளாமை. செவப்பா மேல தொங்குறதெல்லாம் வேடிக்கைக்குன்னு எனக்கு நெனப்பு. அவதான் கீழ ஒரு எஸ்டேட்டுத் தோட்டத்துக்குப் பழம் பறிக்கக் கூலிக்குப் போனா. சீசன் முடிஞ்சு அவங்க புடுங்கிப் போட்ட செடியில நாலை மடியில கட்டிக்கிட்டு வந்தா. வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில ஊனினா. நான் சிரிச்சேன். மறு வருசம் காட்டுல மேல் அடுக்குப் பாத்தி முழுக்க வச்சா. அதுக்கும் அடுத்த வருசம் கெழங்கை ஒதுக்கிட்டு காடு பூராவும் அதுதான். நான் சிரிக்கிறதை நிறுத்திட்டேன்.

ஒரு வருசம் பாருங்க, மார்கழிப் பனி சுண்ணாம்பு தெளிச்ச கணக்கா விழுந்துச்சு. எல்லார் காட்டுலயும் பூவு கருகிப்போச்சு. எங்க காட்டுல மட்டும் செடிக்குச் செடி கொத்துக் கொத்தாப் பழம். ஊரே வந்து பாத்துச்சு. என்ன ரகம்ணே, எங்கிட்டு வாங்குனீங்கன்னு எல்லாரும் என்னையத்தான் கேட்டாங்க. கைராசின்னு சொன்னேன். என் கைராசின்னுதான் சொன்னேன். அவ பின்னாடி நின்னு டப்பாவுல பழம் அடுக்கிக்கிட்டு இருந்தா, சிரிச்சிக்கிட்டா.

எப்படி அந்த ரகத்தை அவ உண்டாக்கினான்னு கேளுங்க. எனக்குத் தெரியாது! அதான் தம்பி என் ஆத்தாமையே. முப்பது வருசத்துக்கு மேல ஒண்ணா வாழ்ந்தவ, இத்தனை பெரிய விசயத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை. மனசுலயே வச்சிக்கிட்டுப் போயிட்டா. மத்தது எல்லாத்தையும் மன்னிச்சிருவேன், இதை எப்படி மன்னிக்கிறது, சொல்லுங்க.

அவ வழக்கம் என்னன்னா, தை மாசி, பழம் மும்முரமா வர்ற நேரத்துல, பறிச்சிக்கிட்டே போவா. போறப்ப திடீர்னு ஒரு செடிக்கிட்ட உக்காந்துருவா. எலையைத் தூக்கிப் பாப்பா. காயை எண்ணுவா, பழத்தை மோந்து பாப்பா. அப்புறம் இடுப்புல சொருகி வச்சிருக்கிற பழைய சேலைக் கந்தல்ல ஒரு துண்டைக் கிழிச்சு அந்தச் செடி அடியில கட்டிட்டு எழுந்திரிப்பா. ஒரு பாத்தியில ஒண்ணு இருக்கும், ரெண்டு இருக்கும். சில பாத்தியில ஒண்ணுமே இருக்காது. என்னாடி அது தாயத்து கட்டுறன்னு கேட்டேன் ஒரு தடவை. "இந்தா, இங்க வந்து பாருங்க கஸ்தூரிப்பா, இந்தச் செடி எத்தனை தாங்கிக்கிட்டு நிக்குது பாருங்க"ன்னா. கஸ்தூரி எங்க பொண்ணு, மதுரையில கட்டிக் குடுத்திருக்கு. எனக்கு அப்ப லாரிக்காரன் போன்ல இருக்கான். அவன்கிட்ட வாடகை பேசுறதா, இவகிட்டப் போயி எலையைத் தூக்கிப் பாக்குறதா? அப்புறம் பாக்கலாம்னுட்டேன்.

ராத்திரி சாப்பிடறப்ப அவபாட்டுக்கு ஏதாவது பேசிக்கிட்டு இருப்பா. "நல்லா காய்ச்சு ஓய்ஞ்ச செடி ரெண்டு கொடிதான் விடும். அந்தக் கொடி தரையில வேர் விடுமே, அதுலதான் நாத்து எடுக்கணும். காய்க்காம சும்மா நின்னது இருக்கு பாருங்க, அதுதான் தெம்பா ஊரெல்லாம் கொடி ஓட்டும். அதைப் பாத்து ஏமாறக் கூடாது"ம்பா. நான் நியூஸ் பாத்துக்கிட்டு இருப்பேன். பொம்பளைங்க சோத்தைப் போட்டுக்கிட்டே தன்னால பேசுவாங்கள்ல, அந்த மாதிரி. அதைப் போயி சொன்னதா எடுத்துக்க முடியுமா? சொல்றதுன்னா ஆளை உக்கார வச்சு, இந்தாருங்க, இது இப்படி, அது அப்படின்னு சொல்லணும். அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. அந்தக் கந்தல் கட்டின செடியில எடுத்த நாத்தே கொஞ்சம்தான் வரும். அதுலயும் ஒரு மடி நாத்தை எடுத்துக் கட்டிக்கிட்டு ஊத்துப் பக்கம் போவா, தண்ணி எடுக்கப் போறாப்புல. திரும்பி வர்றப்ப மடி காலியா இருக்கும். எங்கடி கொண்டுபோயிக் கொட்டுறன்னு சத்தம் போட்டேன். "எங்கிட்டாவது பொழச்சுக் கெடக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. ஓடைக்கரையில கொட்டிட்டு வர்றான்னுதான் நெனச்சேன். நல்ல நாத்தைக் கொண்டுபோயிக் கொட்டுற பொம்பளையை எங்கயாவது பாத்திருக்கீங்களா?

ஊத்துன்னதும் ஞாபகம் வருது. அந்தா தெரியுதே கல்லுக்கட்டு, அதுக்கு அங்கிட்டு இருக்குற காடு என் பங்காளி முத்துவீரனோடது. சித்தப்பா மகன். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது. ஊத்துத் தண்ணிக்கு நான் போட்டிருந்த ஓஸ் பைப்பை ஒரு கோடையில புடுங்கி அவன் காட்டுக்குத் திருப்பிட்டான். அவன் கேட்டா நான்தான் மொதல்ல புடுங்கினேம்பான். நம்பாதீங்க. அன்னைக்கு விட்டதுதான். நல்லது கெட்டது எதுக்கும் அவன் வாசல் நானும், என் வாசல் அவனும் மிதிச்சதில்லை. பொம்பளைங்க ரெண்டு பேரும் ஊத்துல பாத்துக்குவாங்க போல. அங்கம்மா எங்கிட்ட மறைக்கத்தான் பாப்பா. செவனம்மா, அவன் பொண்டாட்டி, அவகூட நின்னு இவ சிரிக்கிற சத்தம் எனக்கு இங்க கேக்கும்.

உங்க வீட்டம்மாவும் கண்ணாடியை எறக்கிட்டுக் கேக்குறாங்க போல. ஆங், எங்க விட்டேன்? போன வருசம் ஆனி மாசம். பழம் ஓய்ஞ்சு, செடியெல்லாம் கொடி விட ஆரம்பிக்குது. அவளுக்கு வயித்து வலி. வாய்வுன்னு பூண்டு சுட்டுத் தின்னுக்கிட்டே வேலை பாத்தா. ஒரு நா பாத்தியிலேயே சுருண்டு படுத்துட்டா. மதுரைக்குக் கொண்டுபோனோம். வயித்துல கட்டிங்கிறாங்க. நாள்பட்டதுங்கிறாங்க. அதுவும் எங்கிட்டச் சொல்லலை பாருங்க. வலிக்குது வலிக்குதுன்னு சித்திரையில இருந்தே சொல்லிக்கிட்டு இருந்தா, சொன்னா. ஆனா இம்புட்டு வலிக்குதுன்னு சொல்லலையே.

ஆஸ்பத்திரி பாதி, பொண்ணு வீடு பாதின்னு மதுரையிலேயே இருந்தா, பொண்ணுதான் கூட இருந்துச்சு. நான் இங்கிட்டும் அங்கிட்டும் பஸ்ஸுல அலைஞ்சேன். நாத்து எடுக்குற வேலை அது வரைக்கும் அவ கையிலதான், நான் தொட்டதில்லை. இந்தத் தடவை நாமளே செஞ்சு வைப்போம், திரும்பி வந்து பாத்தா அவ அசந்து போகணும்னு எனக்கு ஆசை. சத்தியமாச் சொல்றேன், ஆசையிலதான் செஞ்சேன்.

எறங்கிக் காட்டைப் பாத்தா, அங்கங்க கந்தல் கட்டி நிக்குது. தம்பி, உங்களுக்குத் தெரியாது, கெழங்குக் காட்டுல நாங்க சீக்குப் புடிச்ச செடிக்குத்தான் கந்தல் கட்டுவோம். எலை சுருண்டு மஞ்சளா நிக்கிற செடியைப் பாத்துப் பாத்து ஒருத்தர் கட்டிக்கிட்டே முன்னாடி போவாரு. பின்னாடி வர்ற ஆளுங்க அதை வேரோட புடுங்கி ஓரத்துல போட்டுக் கொளுத்துவாங்க. இல்லேன்னா சீக்கு காடு பூராப் பரவிரும். எங்க அப்பா கட்டினாரு, நான் கட்டினேன். கந்தல்னா அதுதான் அர்த்தம், இந்த மலையில யாரை வேணாலும் கேளுங்க. அந்தச் செடியெல்லாமும் பாக்க அப்படித்தான் இருந்துச்சு. எலை கம்மி, வத்திப்போயி, ஒரு கொடி ரெண்டு கொடி விட்டுக்கிட்டு பாவமா நின்னுச்சு. பக்கத்துச் செடியெல்லாம் பச்சைப் பசேல்னு கொடிமேல கொடி ஓட்டி நிக்குது.

அப்ப என்ன செய்வேன்? புடுங்கினேன். ஒண்ணு விடாம, வேரோட, கந்தலோட. கூலிக்கு வந்த பஞ்சவர்ணம், "அண்ணே, அக்கா வந்துரட்டும்ணே, அக்கா வேற மாதிரி சொல்லும்"னு இழுத்தா. எனக்கே வெள்ளாமை சொல்லித் தர்றியான்னு ஒரு சத்தம் போட்டேன், வாயை மூடிக்கிட்டா. எல்லாத்தையும் குமிச்சுக் கொளுத்தினேன். பச்சைச் செடி, லேசுல எரியலை. மண்ணெண்ணெய் ஊத்தி எரிச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலமே போன் போட்டேன். "அங்கம்மா, நீ கந்தல் கட்டி வச்சிருந்த சீக்குச் செடியெல்லாம் புடுங்கிக் கொளுத்திட்டேன். காடு சுத்தமா இருக்கு. நீ ஒண்ணும் கவலைப்படாத"ன்னேன். அங்கம்மா, அங்கம்மாங்கிறேன். அப்புறம் பொண்ணு போனை வாங்கி, "அப்பா, அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிருச்சு"ன்னுச்சு. சரி, காட்டு வேலை முடிஞ்ச நிம்மதியில தூங்கிட்டான்னு நெனச்சேன். அன்னைக்கு நானும் நல்லாத் தூங்கினேன்.

நல்ல தெம்பான செடியாப் பாத்து நாத்து எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துச்சு. ஒரு செடிக்கு ஒரு கூடை. இதுவரைக்கும் அவ எடுத்த நாத்து மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்குமே பத்தாது, வெளியில வாங்கிச் சேப்போம். எனக்கு மிச்சமே ஆச்சு. புரட்டாசியில நட்டேன். ஐப்பசியில காடு கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவ பாத்துட்டு, "பூவைக் காட்டுங்க"ன்னா. நான் எலையைக் காட்டினேன், இம்புட்டு அகலம் எலை. "எலை தெரியுது. பூவைக் காட்டுங்க கஸ்தூரிப்பா"ன்னா. பூவு இருந்தாத்தானே காட்டுறதுக்கு? டவர் கெடைக்கலைன்னு சொல்லி வச்சுட்டேன்.

மார்கழி வந்துருச்சு. எல்லார் காட்டுலயும் செவப்புத் தட்டுது. என் காட்டுல எலையும் கொடியும், எலையும் கொடியும். குனிஞ்சு விலக்கி விலக்கித் தேடினா பாத்திக்கு நாலு பூவு. அப்பத்தான் பஞ்சவர்ணம் சொன்னா, "அக்கா நல்ல செடிக்குத்தாண்ணே கந்தல் கட்டும்"னு. எப்படி இருந்திருக்கும் எனக்கு? வரப்புல உக்காந்துட்டேன். எவளாவது நல்ல செடிக்குக் கந்தல் கட்டுவாளா? நல்லதுன்னா ஒரு மஞ்சத் துணி கட்டலாம், ஒரு குச்சி ஊனலாம். புருசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்துப் பன்னெண்டு வருசமாப் பாத்துப் பாத்துச் சேத்த செடி, ஒரு சாயங்காலத்துல சாம்பலாயிருச்சே. இருங்க, ஒண்ணுமில்லை. பனி கண்ணுல படுது.

அந்த வாரமே பொண்ணு போன் பண்ணுச்சு. அம்மாவுக்குச் சோறு தண்ணி எறங்க மாட்டேங்குது, நம்ம காட்டுப் பழம் கேக்குதுன்னுச்சு. நம்ம காட்டுப் பழம். நான் எங்க போவேன்? பாத்தியில தேடிப் பறிச்சது ஒரு கையளவுகூட வரலை, அதுவும் வெள்ளையா, சப்புன்னு. சரின்னு கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல எறங்கிக் கடை கடையாப் பாத்தேன். ஒரு அம்மா வச்சிருந்த பழம் அசல் எங்க காட்டுப் பழம் மாதிரியே இருந்துச்சு. அதே கூர் மூக்கு, அதே செவப்பு. மோந்து பாத்தா வாசனையும் அப்படியே. எந்தக் காட்டுதும்மான்னேன். "உங்க ஊருதாண்ணே, முத்துவீரன் காடு"ங்கிறா. எனக்குச் சுருக்குன்னுச்சு. அவன் வெளைய வச்சதை என் பொண்டாட்டிக்கு நான் வாங்கிட்டுப் போறதா? ஆனா தம்பி, அவளுக்காக அதையும் வாங்கினேன். டப்பாவை மாத்தி எங்க வீட்டுத் தூக்குச் சட்டியில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

அவளைப் பாக்கச் சகிக்கலை. கட்டில்ல ஆளே தெரியலை, போர்வைதான் தெரியுது. தூக்கைத் திறந்ததும் கண்ணைத் திறந்தா. ஒரு பழத்தை எடுத்து மூக்குக்கிட்ட ரொம்ப நேரம் வச்சிருந்தா. மோந்து பாத்தே இது எந்த அடுக்குல வெளைஞ்சதுன்னு சொல்றவளாச்சே. அப்புறம் ஒரு கடி கடிச்சா. மெதுவா மென்னு முழுங்கினா. ரெண்டு நாளா ஒண்ணும் எறங்காத தொண்டையில அது எறங்குச்சு. "நம்ம செடிதான்"னா. அவ கண்ணுல தண்ணி ஓடுது, ஆனா சிரிக்கிறா. "போகலை. நம்ம செடி எங்கயும் போகலை"ன்னா.

ஏமாந்துட்டா தம்பி! சத்தியமா ஏமாந்துட்டா. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. ஆமா ஆமா, நம்ம காடேதான், மேல் அடுக்கு, இந்த வருசம் அள்ளிக் குடுக்குதுன்னு அளந்துவிட்டேன். அவ என் கையைப் புடிச்சா. "இந்தச் செடியை விட்டுறாதீங்க. கேட்டு வாங்கிக்கங்க. வெக்கப்படாதீங்க"ன்னா. யாருகிட்டடி கேக்குறது, நம்ம காட்டுல நான் யாரைப் போயிக் கேக்கணும்னேன். மருந்து மயக்கம், பேச்சு முன்ன பின்ன வருது. மறுபடி, "ஊத்துல நான்தான்… செவனம்மாகிட்ட…"ன்னு ஆரம்பிச்சா. மூச்சு எரைக்குது. பேசாதடி, ஒண்ணும் பேசாத, டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு அவ வாய் மேல என் கையை வச்சேன். உதடு காய்ஞ்சு கெடந்துச்சு. என் உள்ளங்கைக்குள்ள அது என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் கையை எடுக்கலை. பேசினா உசுரு போயிரும்னு பயம் எனக்கு.

பேசாமயே போயிட்டா. தை அமாவாசைக்கு முந்தின நாள். அந்த ரகத்தை எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னு கேக்க எனக்கு நேரமே கெடைக்கலை. சொல்லணும்னு அவளுக்கும் தோணலை. சொல்லாமலே போயிட்டா பாருங்க, அதான் எனக்குத் தாங்கலை. அவ போனதைக்கூட ஆண்டவன் விதிச்சதுன்னு வச்சுக்குவேன்.

முத்துவீரன் வந்தான் அன்னைக்கு. ரோட்டோரமா நின்னான், உள்ள வரலை, நான் கூப்பிடலை. செவனம்மாதான் கட்டுன சேலையோட ஓடி வந்து, "அக்கா, குடுத்து வச்சுட்டுப் போயிட்டியே"ன்னு விழுந்து அழுதா. எழவு வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்லி அழுவாங்க, அதையெல்லாமா காதுல வாங்குறது?

இப்ப அவங்களும் கெளம்பிட்டாங்க. காட்டை ரிசார்ட்டுக்காரனுக்கு வித்துட்டான். அந்தா பாருங்க, பொக்லைன் நிக்குதுல்ல, மஞ்சக் கலர்ல. செடியெல்லாம் நேத்தே வாரித் தள்ளிருச்சு. பொள்ளாச்சிப் பக்கம் மகன் வீட்டோட போறாங்களாம். போகட்டும். எனக்கென்ன?

அதுவா? கல்லுக்கட்டு மேல இருக்குற தட்டையா கேக்குறீங்க? அது நாத்துதான். முந்தாநாள் விடிகாலையில முத்துவீரன் கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்கான். ஈரச் சாக்குப் போட்டு மூடி, பக்குவமாத்தான் வச்சிருக்கான். செவனம்மா ரோட்டுல நின்னு, "மாமா, அது அக்கா செடி, ஊனிக்கங்க மாமா"ன்னு கத்துனா. நான் திரும்பிப் பாக்கலையே. ஊரைவிட்டுப் போற நேரத்துல செத்துப்போனவ பேரைச் சொல்லி ஒட்டிக்கப் பாக்குறாங்க. அங்கம்மா செடி சாம்பலாப் போச்சுன்னு எனக்கில்ல தெரியும். என் கையால எரிச்சேன். அது அவன்கிட்ட எப்படி இருக்கும்? இருந்தா அவ எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாளா?

முந்தாநாள்ல இருந்து அப்படியேதான் கெடக்கு. தண்ணி ஊத்தலை, லேசா வாடியிருக்கும். பாருங்களேன், எலை சின்னதா, கொஞ்சமா. இதெல்லாம் என்னத்தைக் காய்க்கப் போகுது? இருந்தாலும் உசுருள்ள செடியைக் காயவிட மனசு வரலை. நீங்க எடுத்துட்டுப் போங்க. காசெல்லாம் வேணாம், நான் வித்தா அவன்கிட்ட வாங்கினதா ஆயிரும். முழுசா எடுத்துக்கங்க தம்பி, ஒண்ணுகூட விடாதீங்க. அது என் கண்ணுல படாம இருந்தாப் போதும். டிக்கியைத் தொறங்க, நானே வைக்கிறேன். சிவகாசி வெயிலுக்கு வருமோ வராதோ, நெழல்ல வச்சுப் பாருங்க.

அட, ஏன் தட்டைத் திருப்பி வாங்கிக்கச் சொல்றீங்க? சங்கடப்படாதீங்க, மனசாரத்தான் குடுக்குறேன். உங்க வீட்டம்மா எதுக்கு எறங்கி வர்றாங்க, கண்ணெல்லாம் கலங்கி? ஏறச் சொல்லுங்க, பனி. நீங்களும் ஏறுங்க. என்னமோ சொல்ல வர்றீங்க, தெரியுது. வேணாம் தம்பி, இந்தக் குளிர்ல வாயைத் திறந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும். ஊர் போயிச் சேந்துட்டு போன்ல சொல்லுங்க. கெளம்புங்க, கெளம்புங்க.